பதினோராம் நாள் காலை

சலாலாவில் ஒரு ஹோட்டல் குளத்துக்கு
ஏழு வருடம் காவல் இருந்தவர் எனக்க மாப்பிள்ளை.
குளோரின் என்ற சொல்லே ஆகாது அவருக்கு.
படந்தாலுமூட்டில் வீடு வைத்தபோது
ரப்பர் ஷீட் காயப்போடும் முற்றத்தைத் தோண்டி
முப்பதாயிரம் லிட்டரில் குளம் கட்டி
அதில் வேறு மருந்து விட்டார்.
நீல மூடிக் கேன். மணம் கிடையாது, கண் எரியாது.
விலை மட்டும் எரியும்.

"குளத்துக்கா பஞ்சம் இந்த ஊர்ல?"
மதிலில் தாடையை வைத்துக்கொண்டு கேட்டாள் றோஸ்லெட்.
பதில் இல்லாததால் டீ கொடுத்தேன்.

லீவுக்கு வருகிறவர்களிடம் கேன் கொடுத்துவிடுவார்.
ஒரு லீவுக்கு அவரே வரவில்லை.
அடுத்த லீவுக்குக் கேனும் வரவில்லை.
ஏணிக் காலில் இளஞ்சிவப்பாய் ஒரு வழுவழுப்பு,
தரையில் பஞ்சுபோல் வெள்ளையாய் ஏதோ.
கையில் எடுத்தால் கரைந்துபோனது,
காலையில் திரும்ப இருந்தது.

நெய்யாற்றின்கரை கடைக்காரர்
போனில் போட்டோவைப் பெரிதாக்கிப் பார்த்துவிட்டு
மலையாளத்தில் தீர்ப்புச் சொன்னார்:
"ரண்டும் கூடி ஒரு வெள்ளத்தில் இரிக்கில்ல, சேச்சி.
குளோரின் ஒழிச்சோண்டிரிக்கணும்.
பழையது தீருன்ன வரெ."

ஆறு கேன் பிளீச்சோடு நின்றேன்.
கேரளா பஸ் கண்டக்டர் மூக்கைப் பொத்திக்கொண்டு விசிலடித்தார்.
களியக்காவிளைக்கு ஆட்டோ,
அங்கிருந்து நம்ம பஸ்ஸில் லக்கேஜ் டிக்கெட்.

முதல் கேனை விட்டதும் தண்ணீர் பச்சையானது.
இரண்டாவதில் ஸ்டாண்ட் கடைச் சாயா நிறம்.
நுரை எழும்பிப் படிவரை வந்தது.
ஆசிட் விட்ட ரப்பர் பால் டிஷ்ஷில் திரிவதுபோல
பழைய மருந்து திரிந்து திரிந்து
பில்டரில் போய் அடைத்தது.
முள் சிவப்புக்கு ஏறும். கழுவிவிடுவேன்.
ஏறும். கழுவிவிடுவேன்.
ஒரு நாள் கரண்ட் போய்
மூன்று மணிநேரம் எல்லாம் அப்படியே உறைந்து நின்றது.
அன்றைக்குத்தான் உட்கார்ந்து சோறு தின்றேன்.

வீடியோவில் கேட்டார்:
"வெள்ளம் ஏன் கலங்கிக் கிடக்கு?"
போனைப் பலாமரத்தின் பக்கம் திருப்பி
இந்த வருஷம் காய்ப்பு நல்லா இருக்கு என்றேன்.

சோதனைக் குழாயில் பொடி போட்டால் ரோஸ் நிறம்.
நிறம் போகும்வரை சொட்டு விட்டு எண்ணணும்.
இரவில் இருபத்துநான்கு சொட்டு.
விடிந்து பார்த்தால் பொடி போட்டும் நிறமே வராது.
ராத்திரி முழுக்க யார் குடித்தது?
அடுத்த ராத்திரியும் ஊற்றினேன்.
அடுத்த ராத்திரியும்.
ஆறு கேன் பதினாலு ஆனது.
றோஸ்லெட் இப்போது மதிலில் இருந்தே
"இன்னைக்கு எத்தனை நின்னுது?" என்பாள்,
கிரிக்கெட் ஸ்கோர் கேட்பதுபோல.
மூன்று. ஒன்பது. திரும்பவும் நான்கு.

எட்டாம் நாள் பில்டர் மணலை அள்ளிக் கொட்டினேன்.
கட்டி கட்டியாய், மெழுகு பிடித்த மணல்.
கேட்டுக்கு முன்னால் இருந்த பள்ளம் நிரம்பியது.
புது மணல், புது ரசீது, என் பெயரில்.

பதினோராம் நாள் காலை
இருபத்துமூன்று சொட்டு.
நம்பாமல் குழாயைக் கழுவி மறுபடி பார்த்தேன்.
இருபத்துமூன்று.
ஒரே ஒரு சொட்டுதான் ராத்திரி கொண்டுபோயிருந்தது.
கீழே தரையில் ஓட்டுச்சில்லு மாதிரி ஒன்று கிடந்தது,
எப்போது விழுந்ததோ, விளிம்புவரை தெளிவாய்த் தெரிந்தது.

குளிக்க முடியாது, அளவு இறங்கணும்.
படியில் உட்கார்ந்து நைட்டிக் கையை முகர்ந்தேன்.
பதினொரு நாள் துவைத்தும் போகாத மணம்.
அந்த ஏழு வருடமும்
அவர் பெட்டியைத் திறக்கும்போது
சோப்புக்கும் பேரீச்சைக்கும் முன்னால்
வெளியே வந்தது இதுதான்.
அவருடைய மணம் என்றுதான்
நான் நினைத்திருந்தேன்.

ஏணிக்குப் பின்பக்கம்
இன்னும் கொஞ்சம் வழுவழுப்பு இருக்கிறது.
பிரஷ் எங்கே வைத்தேன்.